தாளத்துக்குப் பின்னால் வந்த அக்கா

அக்காவுக்கு ஞாபக மறதி வியாதி முற்றிவிட்டது என்றும், அவரையும் எங்கள் ஆல்பத்தையும் காப்பாற்றும் பொறுப்பைக் கடவுள் என் தலையில் கட்டியிருக்கிறார் என்றும் நான் சில மாதங்கள் உறுதியாக நம்பினேன். சும்மா நம்பவில்லை. வல்லாரை லேகியம் வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு நம்பினேன்.

நான் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறவன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மண்டபங்களில், மேடையின் ஓரத்தில் கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேரில் ஒருவனாக என்னை நீங்கள் பார்த்திருக்கலாம். பந்திக்கு ஓடும் அவசரத்தில் பார்க்காமலும் போயிருக்கலாம். எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: சத்தம் நிற்கக் கூடாது. நின்றால் பெண்ணின் தாய்மாமா மைக்கைப் பிடித்துவிடுவார். பாடகர் வரியை மறந்து முழித்தால், கீபோர்டுக்காரன் அந்த வரியின் மெட்டை உடனே வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கு எடுத்துக் கொடுப்பது என்று பெயர். இதில் நான் கில்லாடி. பாடகர் மறப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் ஆல்பத்தில் பாடிய அக்கா வேறு ரகம். கூடப் பிறந்தவர் அல்ல, எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை, அதற்குரிய குவார்ட்டர்ஸில் வீடு. பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனி. அங்கே ஆங்கிலோ இந்தியர்களின் கிறிஸ்துமஸ் நடனங்களில் கேட்ட பழைய அமெரிக்கப் பாட்டுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் பார்த்தால் தெரியாது. நூல் புடவை, காதோரம் நரை, கையில் எந்நேரமும் ஒரு ஒயர் கூடை. இவர் ஜாஸ் பாடுவார் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். ரேஷன் கடை வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் என்று சொன்னால் உடனே நம்புவீர்கள்.

பின்னால் என்பது முக்கியம். அக்கா எதற்கும் முதலில் வந்ததில்லை. சரியான நேரத்துக்கும் வந்ததில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது வந்து சேருவார். அப்படி வந்தும் அவர் எதையும் தவறவிட்டதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஆவடி பஸ் நிலையத்தில் ஒருநாள் இருவரும் நின்றோம். பூந்தமல்லி பஸ் வந்தது. நான் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டேன், முழங்கையால் இருவரைத் தள்ளினேன், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் காலை மிதித்தேன், கடைசியில் படிக்கட்டில் தொங்கினேன். கைக்குட்டை போட்ட சீட்டில் கைக்குட்டையின் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஏறி முடித்த பிறகு அக்கா கூடையோடு நிதானமாக வந்து முன்வாசலில் ஏறினார். பொம்பளப் பிள்ளை ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். பூந்தமல்லி வரை உட்கார்ந்துகொண்டு வந்தவர், இறங்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பஸ்ஸு நின்ன உடனே ஏறணும்னு யாருப்பா சொன்னா?”

சிரிப்பும் அப்படித்தான். அவருடைய அலுவலகத் தோழி ஒருவரின் மாமனார் இறந்த வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். போகிற வழியில் நான் ஒரு ஜோக் சொன்னேன். நல்ல ஜோக். ஆட்டோக்காரரே வண்டியை ஓரம்கட்டிச் சிரித்தார். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். துக்க வீட்டில் எல்லோரும் தலை குனிந்து ஜெபத்தில் இருக்கும்போது அவருக்கு அந்த ஜோக் போய்ச் சேர்ந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். சுற்றியிருந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் பயத்தில், கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி ஆமென் ஆமென் என்று கத்தினேன். ஜெபம் அப்போதுதான் பாதி நடந்திருந்தது.

இப்போதும் மாறவில்லை. வேலை ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருச்சிக்கே போய்விட்டார். புத்தாண்டு வாழ்த்து அனுப்பினால் பொங்கல் முடிந்து பதில் வருகிறது. நல்ல பதில்தான். ஆனால் அதற்குள் அனுப்பியவனுக்கே எதற்கு அனுப்பினோம் என்று மறந்துவிடும்.

ஆல்பம் யோசனை ஜெரோமுடையது. ஜெரோம் தூத்துக்குடித் தம்பி. கணினிக் கம்பெனியில் வேலை, வானகரத்தில் ஃபிளாட். ஆளுயரத்துக்கு வயலினைப் பெரிதாக்கி நிறுத்தியது போன்ற பேஸ் ஒன்று வாசிப்பான். அதை உறையில் போட்டுக் குட்டி யானை வண்டியில் ஏற்றும்போதெல்லாம் அவனுடைய ஃபிளாட்டின் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “யாரு சார் போயிட்டாங்க?” என்று கேட்பார். சர்ச்சில் அக்கா பாடுவதைக் கேட்ட ஜெரோம், அவருக்குத் தெரிந்த அந்தப் பழைய பாட்டுகளைப் பதிவுசெய்தே தீருவது என்று கிளம்பிவிட்டான். அந்தப் பாட்டுகள் நம் கச்சேரிக் கீர்த்தனைகள் மாதிரி. இசைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கொரு விதமாக வாசிப்பார்கள். டிரம்ஸுக்கு என் ஆர்கெஸ்ட்ரா நண்பன், அம்பத்தூர் தனாவைப் பிடித்தான். பியானோவுக்கு ஆள் கேட்டபோது தனா என்னைச் சொன்னான். நான் மிகச் சிறந்தவன் என்பதால் அல்ல. மிகச் சிறந்தவர்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் இருந்தது.

“ஜாஸ் வாசிப்பீங்களா அண்ணாச்சி?” என்றான் ஜெரோம்.

“அதுலதான் பொறந்து வளர்ந்தேன்” என்றேன். அன்று மாலையே யூடியூபில் ஜாஸ் என்றால் என்ன என்று பார்த்தேன்.

முதல் ஒத்திகை அக்கா வீட்டு முன்னறையில். ரயில் பாட்டு என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒன்று. காதலன் ரயிலேறிப் போய்விடுவான், காதலி பிளாட்பாரத்தில் நிற்பாள். நான் முன்னிசை வாசித்தேன். அக்கா பாட வேண்டிய இடம் வந்தது. அக்கா பாடவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உச்சந்தலையில் வியர்த்தது. தாய்மாமா மைக்கை நோக்கி வருவது கண்ணில் தெரிந்தது. உடனே முதல் வரியை ஓங்கி வாசித்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார், புன்னகைத்தார், பாட ஆரம்பித்தார். இரண்டாம் வரிக்கும் தாமதம். அதையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதையும் கொடுத்தேன். இப்படியே பாட்டு முழுக்க நான் முன்னே போக அவர் பின்னே வந்தார். முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய களைப்போடு தனாவைப் பார்த்தேன்.

“இன்னா மாமே, அக்காவுக்கு டியூசன் எட்த்துகினு கீற?” என்றான் தனா.

“அவங்களுக்கு மறந்துபோச்சுடா. நான் இல்லன்னா நாறியிருக்கும்.”

“உனுக்கு இன்னா தெரியும்? அது பாட்டுக்கு வருது, நீ இன்னாத்துக்குக் கூவிகினு கீற?”

தனாவுக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குப் போய் ஞாபக மறதியின் அறிகுறிகளைத் தேடினேன். தாமதமாகப் பதில் சொல்வது, வெறித்துப் பார்ப்பது, சம்பந்தமில்லாத இடத்தில் சிரிப்பது. மூன்றும் இருந்தன. அக்காவுக்கு ஞாபகம் போயே போய்விட்டது என்று தீர்மானித்தேன்.

என் கவலை அக்காவைப் பற்றியது மட்டும் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடக் கூடாது. இத்தனை வருஷம் வாசித்தும் எந்தப் பதிவிலும் என் பெயர் வந்ததில்லை. வரவேற்பு வீடியோக்களில் என் வாசிப்பு கேட்கும், படத்தில் பிரியாணி அண்டா தெரியும். இந்த ஆல்பத்தின் அட்டையில்தான் முதல்முறையாக என் பெயர் வரப்போகிறது. இந்தச் சேதியை என் மனைவியிடம் சொன்னேன். அவள் தன் தம்பியிடம் சொன்னாள். என் மச்சினன் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை அம்பத்தூர் மார்க்கெட் முனையில் நான் கோட்டோடு நின்றேன். ஃப்ளெக்ஸில். பின்னால் நியூயார்க் நகரம், பக்கத்தில் இரண்டு புலிகள், மேலே ‘ஜாஸ் சக்கரவர்த்தி’. கீழே ஓரமாகத் தபால்தலை அளவில் தனா.

“ஏன்டா, புலி இன்னாத்துக்கு?” என்று தனா போனில் கேட்டான். “அதுங்களும் வாசிக்குதா?”

ஆக, அக்கா மறந்தால் ஆல்பம் நிற்கும், ஆல்பம் நின்றால் பெயர் போகும், பெயர் போனால் புலிகளோடு நிற்பவன் மார்க்கெட்டில் காய் வாங்க முடியாது. அதனால்தான் லேகியம். அழகான டப்பாவாகப் பார்த்து வாங்கிப்போய், “தொண்டைக்கு நல்லதுக்கா” என்று கொடுத்தேன். அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம், தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் எதுவும் கேட்காமலே சொன்னார்:

“அதுல பரீட்சைக்குப் போற புள்ளைங்களுக்குன்னு போட்டிருக்கு. எனக்கு என்னப்பா பரீட்சை?”

தனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தான்.

ஒத்திகைகளை ஜெரோம் போனில் பதிவுசெய்து வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை என்னைக் காட்டுப்பாக்கத்து டீக்கடைக்கு வரச்சொல்லி, இயர்போனைக் காதில் மாட்டிவிட்டுக் கேட்கச் சொன்னான். கேட்டேன். ஒரு பெண் மெதுவாக, யோசித்து, மனத்திலிருந்து எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு மடையன் அவளை முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடுகிறான். மடையனின் விரல்கள் எனக்குப் பழக்கமானவை.

“அவங்க மறக்கல அண்ணாச்சி” என்றான் ஜெரோம். “வேணும்னேதான் பிந்தி வாராங்க. தாளத்த நாம பிடிச்சிக்கிட்டு நிக்கோம்ல, அதுல அவங்க சாஞ்சுக்கிடுதாங்க. அந்த எடவெளிதான் பாட்டே. அதப் போயி நீங்க அடைக்கீங்க.”

“எல்லாத்தையும் வேணும்னேதான் பண்றாங்களா?”

“வேணும்னேதான்.”

“துக்க வீட்ல சிரிச்சது?”

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி.” பிறகு டீயைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். “பதிவுல எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து ஒண்ணா வாசிக்கப் போறோம். நீங்க எடுத்துக் கொடுத்தா அது அவங்க மைக்குலயும் விழும். தனியா வெட்ட முடியாது. அதனால, கோவிச்சிக்கிடாதீங்க… போரூர்ல ஒரு பையன் பியானோ வாசிக்கான். அன்னைக்கு நீங்க ஒரு எடத்துல எடுத்துக் கொடுத்தாலும், அவனத்தான் கூப்பிடணும்.”

திரும்பி வரும்போது மார்க்கெட் முனையில் என்னைப் பார்த்தேன். புலிகள் ஏளனமாகப் பார்த்தன.

வாசிப்பது கஷ்டமில்லை. வாசிக்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்று அதன்பிறகு தெரிந்துகொண்டேன். என் விரல்கள் தானாகவே போய்விடும். வீட்டில் மனைவி பேச்சின் நடுவே மூச்சு வாங்கினால்கூட அடுத்த வார்த்தையை நான் சொன்னேன். “நான் என்ன சொல்ல வந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் கேட்டாள். தெரியாது. தெரியாமலேதான் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்கா வர வேண்டிய இடத்தில், சுரத்தை அழுத்திவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவது. வேலை செய்தது. தனா மட்டும், “மாமே, மொட்டை போட்ற பெஞ்சில உக்காந்த மாரி கீற” என்றான்.

பயத்தில் அக்காவிடமே கேட்டேன். “அக்கா, நான் நல்லா வாசிக்கிறேனா?”

அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்தார். மடித்தார். உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சில நாள் கழித்து பூந்தமல்லி கடைத்தெருவில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் போல் சொன்னார்:

“நல்லாத்தான் வாசிக்கிற. கொஞ்சம் நெறைய வாசிக்கிற.”

முறுக்கில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அதை மெல்ல முடியவில்லை.

பதிவு ஒரு ஞாயிறு காலை, பாரிவாக்கத்தில். ஜெரோமின் நண்பர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மாடியறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. சுற்றிலும் காலி மனைகள், ஒரு மாடு, கல் நட்ட பிளாட்டுகள். ஃபேனின் சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். அக்கா எல்லோருக்கும் பின்னால்தான் வந்தார். ஆனால் நாங்கள் மைக்குகளைச் சரிசெய்து முடித்த நொடியில் வந்தார். பாட்டுகள் ஒவ்வொன்றாக நடந்தன. நான் அழுத்துவேன், கைமேல் உட்காருவேன், எழுவேன், அழுத்துவேன். ஓரிடத்திலும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜெரோம் கண்ணாலேயே கும்பிட்டான்.

கடைசியாக ரயில் பாட்டு. முன்னிசை முடிந்தது. கைகள் தொடைக்கு அடியில் போயின. அக்கா வரவில்லை.

சரி, வருவார்.

முதல் வரி பாட வேண்டிய இடம் முழுக்கக் கடந்து போனது. இரண்டாம் வரிக்குரிய இடம் வந்தது. ஜெரோம் பேஸில் தாளத்தை நடத்திக்கொண்டே இருந்தான். தனா குச்சியை வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷை எடுத்து, அரிசி புடைப்பது போல் தேய்க்க ஆரம்பித்தான். அக்கா என்னைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

புரிந்துவிட்டது. சோதிக்கிறார். இவன் திருந்திவிட்டானா, இல்லை கை வைப்பானா என்று கடைசிப் பாட்டில் ஆழம் பார்க்கிறார். என் விரல்கள் தொடைக்கு அடியில் பிடிபட்ட எலி மாதிரி துடித்தன. இன்னும் நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன். அக்கா தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்து, கண்ணை அகல விரித்தார். முடியாது அக்கா, விழ மாட்டேன். கண்களை இறுக மூடிக்கொண்டு, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. அது விழுந்து சத்தம் கேட்டால் போரூர்ப் பையனைக் கூப்பிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன்.

மெட்டு முழுதாக ஒரு சுற்று ஓடி முடிந்தது, பாட்டே இல்லாமல். பேஸும் பிரஷும் மட்டும். பிறகு எங்கிருந்தோ அக்கா முனகினார். வார்த்தை இல்லை, மூச்சு மாதிரி. நடுப்பகுதியில்தான் வார்த்தைக்கு வந்தார். ரயில் எப்போதோ போய்விட்ட பிளாட்பாரத்தில், இன்னும் கிளம்ப மனமில்லாமல் நிற்பவளின் குரல். நான் கண்ணைத் திறந்தபோது தனா அழுதுகொண்டிருந்தான். வியர்வை என்று பிறகு சாதித்தான்.

ஜெரோம் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். “அண்ணாச்சி, ஒரு சுற்று முழுக்கக் கை வைக்கலியே! இதுதான் ஆல்பத்தோட முதல் பாட்டு. இன்னொரு தடவ எடுக்கவே கூடாது.”

“நைனா, சக்கரவர்த்திதாண்டா நீ” என்றான் தனா.

நான் அடக்கமாக, மச்சினனுக்குப் போன் போடலாமா என்று யோசித்துக்கொண்டே மாடிப்படிக்கு வந்தேன். அக்கா படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னா நிறுத்து நிறுத்துனீங்கக்கா! நான் விழுவேன்னு பாத்தீங்கல்ல?”

அக்கா டீயை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். மாடு மனைக்கல்லில் முதுகைத் தேய்ப்பதைப் பார்த்தார். எனக்குத் தெரியும், காத்திருந்தேன்.

“மறந்துபோச்சுப்பா” என்றார். “மொத வார்த்தையே வரல. நீ எடுத்துக் குடுப்பேன்னு உன்னையே பாத்துக்கிட்டு நின்னேன். நீ என்னடான்னா கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டுற.”

“அப்ப… இன்னொரு தடவ பாடிரலாமாக்கா?”

இந்த முறை பதில் உடனே வந்தது. “வேணாம். அந்தத் தம்பி சந்தோஷமா இருக்கான்.”

ஆல்பம் வந்தது. அட்டையின் பின்பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் அந்த முதல் பாட்டின் முதல் சுற்றைத்தான் சொல்கிறார்கள். அந்த மௌனத்தை எப்படித் திட்டமிட்டோம் என்று கேட்பவர்களுக்கு ஜெரோம் நீளமாக விளக்கம் சொல்கிறான். அவனிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை. அன்று அக்கா முதல் வரியை மறந்துவிட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அது அப்படியே பதிவாகிவிட்டது.